பழைய ரணவைத்தியப் பெட்டியின் யோக்கியதை

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச ஒப்புக்கொண்ட விஷயத்தை நோட்டீசில் பார்த்துவிட்டு உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "பழைய வைத்தியக் கருவிகளைச் சேகரித்தல்" என்று போட்டிருக்கிறது. தபால்தலை சேர்ப்பதும் பழைய காசு சேர்ப்பதும் பணமும் ஓய்வும் உள்ளவர்களுடைய பொழுதுபோக்கு, இதில் நமக்கென்ன ஜோலி என்று கேட்பீர்களானால் அது நியாயமான கேள்விதான். மூன்று வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டேன். நான் டாக்டருமல்ல, பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவனுமல்ல. இந்த மேஜைமேல் திறந்து வைத்திருக்கிற பெட்டியை அன்று பார்த்த பிறகு, அதைப்பற்றிப் புத்தகசாலைகளில் தேடித் தேடிப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். தப்பிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் தாராளமாய்த் திருத்தலாம்.

பெட்டி இவ்வூர்த் தோழர் ஒருவருடையது. அவர் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். நீலகிரிப் பக்கத்தில் பழைய தோட்டத் துரை பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல், பெட்டியின் அழகைப் பார்த்து எடுத்துவிட்டாராம். மகோகனி மரம். எட்டு மூலையிலும் பித்தளை பூண். மூடியின் நடுவில் சொந்தக்காரன் பெயர் வெட்டுவதற்கென்று ஒரு பித்தளைத் தகடு. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் கருவி ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்துக்கு அச்சாக ஒரு பள்ளம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இது ஏதோ நகைப்பெட்டி மாதிரித் தெரியும். கல்யாணத்துக்குச் சீர் வைக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

ஆனால் இருப்பவை என்ன? ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளத்தில் ஒரு கத்தி. தசையைச் சுற்றி அறுப்பதற்கு. இரண்டு பக்கமும் கூருள்ள இன்னொரு கத்தி. இரட்டை எலும்புகளுக்கு நடுவே விட்டு அறுப்பதற்கு. தச்சன் ரம்பம் போல ஒரு பெரிய ரம்பம், விரல்களுக்கென்று ஒரு சின்ன ரம்பம். எலும்பின் முனையைக் கத்தரிக்கிற குறடு. ரத்தக் குழாயைக் கொத்தி வெளியே இழுக்கிற கொக்கி. பித்தளைத் திருகு வைத்த ஒரு பட்டை. தொடையில் கட்டித் திருகினால் ரத்த ஓட்டம் நிற்கும். இந்தத் திருகுப் பட்டை பிரான்சு தேசத்துப் பெத்தி என்பவர் 1718-இல் கண்டுபிடித்தது. மண்டையோட்டில் வட்டமாகத் துளை போடுவதற்குப் பல் வைத்த குழாய் ஒன்றும் உண்டு. ஆக, இது காலும் கையும் வாங்குகிற பெட்டி. 19-ஆம் நூற்றாண்டில் பட்டாளத்து டாக்டர், கப்பல் டாக்டர், தோட்டத்து டாக்டர் எல்லாரிடமும் இந்த மாதிரி ஒன்று இருந்தது.

1846-க்கு முன் மயக்க மருந்து கிடையாது. நாலுபேர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற, காலை வாங்கவேண்டும். அதனால் அந்தக் காலத்து ரணவைத்தியனுக்கு வேகந்தான் கீர்த்தி. லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்று ஒருவர். இந்த நீளக் கத்திக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1846 டிசம்பர் 21-ந் தேதி, அமெரிக்காவில் அப்போதுதான் பொதுமேடையில் காட்டப்பட்டிருந்த ஈதர் என்னும் மருந்தை மோக்கச் செய்து, ஒருவனுக்குத் தொடையோடு காலை எடுத்தார். அரை நிமிஷத்துக்குள் கால் தனியாக வந்துவிட்டது. நோயாளிக்குத் தெரியவேயில்லை.

வலி போய்விட்டது. சாவும் போயிற்றா? அதுதான் இல்லை. மயக்கம் இருக்கிற தைரியத்தில் அதிகம் பேரை அறுத்தார்கள். அறுத்தவர்கள் புண் அழுகிச் செத்தார்கள். எடின்பரோவில் சிம்ஸன் என்னும் டாக்டர் (குளோரோபாரத்தைப் பிரசவத்துக்குக் கொடுத்தவர் இவர்தான்) ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டு 1869-இல் வெளியிட்டார். கிராமாந்தரங்களில் அவரவர் வீட்டிலே கைகால் வாங்கப்பட்டவர்கள் 2,098 பேர். அவர்களில் இறந்தவர்கள் 226. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் வாங்கப்பட்டவர்கள் 2,089 பேர், இறந்தவர்கள் 855. அதாவது குடிசையில் 100-க்கு 11 பேர் வீதம், மாளிகை போன்ற ஆஸ்பத்திரியில் 100-க்கு 41 பேர் வீதம்! யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்காரன் கைத்திறமையில் குறைந்தவனா? கத்தியில் குறையா? ஒன்றுமில்லை. இரண்டிடத்திலும் இதே பெட்டிதான். கிராமத்து டாக்டர் எப்போதோ ஒருநாள் பெட்டியைத் திறந்தார். ஆஸ்பத்திரி டாக்டரின் பெட்டியோ ஓர் உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது இந்தக் கத்தியின் பிடியைப் பாருங்கள். கருங்காலி மரம். ரத்தத்தில் கை வழுக்காமலிருக்கக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறான். வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. அந்தக் கட்டங்களுக்குள் நேற்றைய நோயாளியின் ரத்தம் காய்ந்து கிடந்தது. துணியால் துடைத்து வெல்வெட்டுப் பள்ளத்தில் வைத்தார்கள், வெல்வெட்டும் குடித்துக்கொண்டது. அடுத்த நாள் அதே பள்ளத்திலிருந்து எடுத்தார்கள். அழகுக்காகச் செய்த அத்தனையும் விஷத்துக்கு வீடாகிவிட்டது.

இதை ஒருவரும் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இரண்டு பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்ப்பார்கள், மற்றதில் மருத்துவச்சிகள் பார்ப்பார்கள். மருத்துவச்சிகள் பிரிவைவிட மாணவர்கள் பிரிவில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். ஸெம்மல்வைஸ் என்னும் டாக்டர் காரணம் தேடினார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வருகிறார்கள், கையில்தான் விஷம் வருகிறது என்று தெரிந்துகொண்டு, 1847 மே மாதத்தில் எல்லாரும் சுண்ணாம்புக் குளோரைடு கரைத்த தண்ணீரில் கைகழுவ வேண்டுமென்று உத்தரவு போட்டார். ஏப்ரல் மாதத்தில் அந்தப் பிரிவில் 100-க்கு 18 பேர் இறந்திருந்தார்கள். ஜூனில் அது 100-க்கு 2 ஆயிற்று. படித்த டாக்டர்கள் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டுமல்லவா? இல்லை. "கனவானுடைய கை அசுத்தமாயிருக்குமா?" என்ற மனோபாவத்தில் அவரைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், புண் விஷமேறி, 1865 ஆகஸ்டு 13-ந் தேதி செத்துப்போனார். அதற்கு முந்தின நாள்தான், கிளாஸ்கோ நகரத்தில் லிஸ்டர் என்பவர் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் திராவகம் நனைத்த துணியைக் கட்டினார். சிறுவன் காலோடு பிழைத்தான். ஒருவர் மற்றவரை அறியார்.

லிஸ்டர் 1867-இல் எழுதி வெளியிட்டார். அப்புறமும் ஒத்துக்கொள்ள 20 வருஷம் பிடித்தது. 1880-களில் ஜெர்மனியில் திராவகத்தில் நனைப்பதோடு விடாமல், கருவிகளை நீராவியிலும் சோடா உப்புப் போட்ட கொதிநீரிலும் வேகவைக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் இந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது. எப்படியென்றால், கருங்காலிப் பிடியைக் கொதிக்கவைத்தால் வெடிக்கும். தந்தப் பிடி பிளக்கும். ஒட்டின பசை இளகிக் கத்தி தனியாக வந்துவிடும். வெல்வெட்டை வேகவைக்கவே முடியாது. ஆகவே பிடியும் அலகும் ஒரே உலோகமாகச் செய்தார்கள். பெட்டிக்குப் பதிலாகத் தகரத் தட்டு வந்தது. மரமும் தந்தமும் வெல்வெட்டும் ஒரு தலைமுறைக்குள் பரணுக்குப் போயிற்று. இன்று சேகரிப்பவர்கள் ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிடி மரமா, தந்தமா, உலோகமா? மரமானால் பெரும்பாலும் 1890-க்கு முந்தினது. அவர்கள் அதிக விலை கொடுப்பதும் மரத்துக்கும் தந்தத்துக்குந்தான். எதனால் ஜனங்கள் செத்தார்களோ அதற்குத்தான் இன்று கிராக்கி!

தோழர்களே! ஐரோப்பியனைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. என் வீட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி பிறந்தான். எங்களூரில் பிரசவம் பார்த்த கிழவியிடம் ஒரு பலா மரப் பெட்டி உண்டு. அதில் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பழைய அரிவாள். அவளுடைய பாட்டி கையிலிருந்து வந்தது. ராசியான அரிவாள் என்று பெயர். வருஷத்துக்கு ஒருநாள் அதற்குச் சந்தனம் குங்குமம் உண்டு. அதனால்தான் தம்பிக்குக் கொடி அறுத்தாள். ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்க மறந்தது. வாய் கிட்டிக்கொண்டது. தொட்டால் வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் இறந்துபோயிற்று. எங்கள் ஊரில் அதற்கு "எட்டாம் நாள் தோஷம்" என்று பெயர் வைத்து, கழிப்பும் கழித்தார்கள். ரணஜன்னி என்பதும், அது அந்த அரிவாளில் ஏறி வந்தது என்பதும் எனக்கு முப்பது வயதுக்குமேல் தெரிந்த விஷயம். புதுப் பிளேடும், கொதித்த தண்ணீரும், கர்ப்பிணிக்கு ஊசியுமாகச் சேர்ந்து அந்தத் தோஷத்தை விரட்டின. 2015-இல் இந்தியாவில் தாய்க்கும் சிசுவுக்கும் வருகிற ரணஜன்னி ஒரு பெருவாரிப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டதென்று அறிவித்தார்கள். என் தாயார் அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடில்லை.

அந்தக் கிழவியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பட்டம் பெற்று, பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டிக்கொண்ட லண்டன் டாக்டர் செய்த அதே காரியத்தைத்தான் அவளும் செய்தாள். அவனுக்குச் சொல்ல ஒரு லிஸ்டர் வந்தார். அவளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? பிரசவத்துக்கு அவள் வேண்டும், திண்ணைக்குமேல் ஏறக்கூடாது என்று வைத்திருந்தவர்களா சொல்லுவார்கள்?

"இதெல்லாம் நம்முடைய சுசுருதர் சொன்னதுதானே" என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து கேட்டார். சொன்னார், நான் மறுக்கவில்லை. சுசுருத சம்ஹிதையில் 101 மழுங்கல் கருவிகளும் 20 கூர்க் கருவிகளும் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. கூர் கெடாமலிருக்க இலவமரப் பலகையில் வைக்கவேண்டுமென்றுகூட இருக்கிறது. அறுத்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் பிற்காலத்தில் கத்தியைப் பிடிக்கிற தொழில் யாரிடம் வந்து சேர்ந்தது? நாவிதர்களிடம். ஐரோப்பாவிலும் அப்படித்தான், லண்டனில் நாவிதர்களும் ரணவைத்தியர்களும் 1540-இல் ஒரே சங்கமாக ஆக்கப்பட்டு, 1745-இல்தான் பிரிந்தார்கள். அங்கே நாவிதன் கத்தி மெதுவாகக் கல்லூரிக்குள் போயிற்று. இங்கே கத்தி பிடித்தவனை "மருத்துவன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, ஏட்டை மாத்திரம் அவன் கண்ணில் காட்டாமல் வைத்தார்கள். ஏடு ஒரு வீட்டில், கத்தி ஒரு வீட்டில் என்றால் இரண்டும் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

இந்த அறுவைப் பெட்டிக்குத் தம்பி ஒன்றுண்டு; ரத்தம் எடுக்கும் பெட்டி. கையடக்கமான பித்தளைக் கட்டி, அடியில் வரிசையாகக் கீறல்கள். விசையைத் தட்டினால் பன்னிரண்டு கத்திகள் ஒரே நொடியில் வெளியே வந்து தோலைக் கீறி உள்ளே போய்விடும். மேலே சூடான கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து ரத்தத்தை இழுப்பார்கள். இது எந்த வியாதிக்கு என்று கேட்காதீர்கள், எல்லா வியாதிக்குந்தான்! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனுக்கு 1799 டிசம்பரில் தொண்டை அடைத்தது. ஒரே நாளில் அவருக்கு நாலு தரம் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு லிட்டருக்கு மேலிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றிரவே இறந்தார். பாரிஸில் லூயி என்னும் டாக்டர் ஒருவர்தான் எண்ணிப் பார்த்தார். நுரையீரல் ஜுரக்காரர்கள் 77 பேர். நோய் கண்ட நாலு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் 41, இறந்தவர் 18. நாலு நாளுக்குப்பின் எடுக்கப்பட்டவர்கள் 36, இறந்தவர் 9. சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் குணம் என்ற சாஸ்திரம் அங்கேயே ஆட்டம் கண்டது. வயது வித்தியாசத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். ரத்தம் எடுப்பதை அடியோடு விட்டுவிடவும் இல்லை. ஆனாலும் எண்ணுவது என்ற பழக்கம் உள்ளே வந்துவிட்டதல்லவா?

எண்ணவே விடாத பெட்டிகளும் உண்டு. சேகரிப்பவர்கள் ஏலத்தில் அவையும் வருகின்றன. சொல்லப்போனால் அவைதான் அதிக ஆடம்பரம். 1854-இல் அமெரிக்காவில் பேட்டண்டு வாங்கிய ஒரு மின்சாரப் பெட்டி. மகோகனி மரம், உள்ளே லாடக் காந்தம், கைப்பிடியைச் சுழற்றினால் நோயாளி பிடித்திருக்கும் இரண்டு பித்தளைக் குழாயிலும் சுரீரென்று அதிர்ச்சி. நரம்பு வியாதி எல்லாவற்றுக்கும் நல்லதென்று மூடியில் சீட்டு ஒட்டியிருக்கும். அதற்கும் முன்னால், 1796-இல், பெர்க்கின்ஸ் என்பவர் இரண்டு உலோகக் குச்சிகளுக்குப் பேட்டண்டு வாங்கினார். உடம்பில் தடவினால் நோவு போகுமாம். லண்டனில் விலை ஐந்து கினி. பாதிரிகளும் பிரபுக்களும் குணமானதாகச் சாட்சி சொன்னார்கள். பாத் நகரத்து டாக்டர் ஹேகார்த் என்ன செய்தார் தெரியுமா? மரத்தால் இரண்டு குச்சி செய்து உலோகம் போலவே வர்ணம் பூசி, 1799 ஜனவரியில் ஐந்து நோயாளிகளுக்குத் தடவினார். நாலுபேர் வலி குறைந்ததென்றார்கள்! மறுநாள் நிஜக் குச்சியால் தடவினார். அதே பலன்தான். விபூதியும் வேப்பிலையும் பலிக்கிற மர்மமும் இதுதான் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள், தயவுசெய்து ஹேகார்த் செய்ததை ஒருதரம் செய்து பார்க்கட்டும். பெர்க்கின்ஸ், பாவம், மஞ்சள் ஜுரத்துக்குத் தன் சொந்த மருந்தோடு நியூயார்க்குக்குப் போய், அதே வருஷத்தில் அதே ஜுரத்தில் இறந்தார். அவர் புரட்டுக்காரரல்ல, நம்பினவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் ஸான்பிரான்ஸிஸ்கோ ஆப்ரம்ஸ் விஷயம் வேறு. அவர் நிஜமாகவே பட்டம் பெற்ற டாக்டர். 1920 வாக்கில், ஒரு சொட்டு ரத்தத்தைப் பெட்டியில் வைத்தால் நோய் இன்னதென்று தெரியும், இன்னொரு பெட்டி அதைக் குணப்படுத்தும் என்றார். பெட்டியை மற்ற டாக்டர்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகைக்கு ஒரு நிபந்தனை: பெட்டியைத் திறக்கக்கூடாது! முத்திரை வைத்து மூடியிருக்கும். ஒருவர் ஆண் கினிப்பன்றியின் ரத்தத்தை ஒரு ஸ்திரீயின் ரத்தமென்று அனுப்பினார். அந்த அம்மாளுக்குப் புற்றுநோய் முதலிய வியாதிகள் இருப்பதாகப் பதில் வந்தது. 1924-இல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையின் கமிட்டி ஆராய்ந்து, இதில் ஒன்றுமில்லையென்று தீர்ப்புச் சொல்லிற்று. கர்ப்பக்கிருகத்துக்குள் எட்டிப் பார்க்காதே என்கிற நாட்டில் பிறந்த எனக்கு அந்த வாடகை நிபந்தனை புதிதாகப் படவில்லை.

சேகரிக்க ஆசையுள்ளவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. உலகத்திலேயே பெரிய சேகரிப்பு ஹென்றி வெல்கம் என்னும் மருந்து வியாபாரியுடையது. பிறப்பால் அமெரிக்கர், லண்டனில் வாழ்ந்தார். 1936-இல் அவர் இறந்தபோது 10 லட்சத்துக்கு மேற்பட்ட சாமான்கள். பல பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. அது நமக்கு வேண்டாம். ஒரு பெட்டி போதும், அதைப் படிக்கத் தெரிந்தால். அலகில் செய்தவன் பெயர் அடித்திருக்கும்; எல்லாக் கருவியிலும் ஒரே பெயரா என்று பாருங்கள். பள்ளத்தில் கருவி அச்சாக உட்காராவிட்டால் வேறு பெட்டியிலிருந்து கொண்டுவந்து போட்டது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துப் பெட்டிக்கு விலை அதிகமென்பதால் புதுத் தகட்டில் பழைய எழுத்து வெட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பாகத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் பெயரும் போகும், சரித்திரமும் போகும். தந்தப் பிடியுள்ளதை விற்பதும் வாங்குவதும் நம் நாட்டில் குற்றம்.

இந்தப் பெட்டியில் ஒரு பள்ளம் காலியாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்னக் கத்தி ஒன்று இருந்த இடம். பட்டணத்து வியாபாரி ஒருவர் அதேமாதிரி கத்தி ஒன்றைப் போட்டு நிரப்பி, பெட்டியை மூன்று மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். நம் கம்பவுண்டர் தோழர் மாட்டேனென்று விட்டார். அவர் வீட்டு அலமாரியில் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், தாம் முப்பது வருஷம் ஊசியும் கத்தியும் வேகவைத்த சட்டி ஒன்றை வைத்திருக்கிறார். நசுங்கி, அடியில் சுண்ணாம்பு பிடித்து, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாதது. அதையும் கொண்டுவந்திருக்கிறார். மேஜைக்குக் கீழே இருக்கிறது, மேலே எடுத்து வைக்கச் சொல்லுகிறேன்.

விளக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள். ஒவ்வொருவராக வாருங்கள். பிள்ளைகளை முன்னால் விடுங்கள். கத்தியில் மாத்திரம் கை வைக்கவேண்டாம், இன்னும் கூர் போகவில்லை.